ஈஸ்டில் உயிர் எவ்வளவு? மாணவர் ஆய்வுக்கு எந்த முறையை எடுப்பது

இறுதியாண்டு மாணவிகள் மூன்று பேர், பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் வாங்கிய அரைக் கிலோ உலர் ஈஸ்ட் பாக்கெட்டோடு வந்து நின்றார்கள். பாக்கெட்டைப் பிரித்த பிறகு அலமாரியில் வைத்தால் எத்தனை வாரம் தாங்கும், ஃப்ரிட்ஜில் வைத்தால் எத்தனை வாரம் தாங்கும் என்பது அவர்கள் எடுத்திருந்த கேள்வி. எனக்கு உடனே பிடித்துப்போனது. வீட்டில் ஆப்பத்துக்கு மாவு கரைப்பவரிலிருந்து பன் சுடும் கடைக்காரர் வரை எல்லாருக்கும் உதவுகிற பதில் அது. பன்னிரண்டு வாரத்தில் முடிக்கவும் முடியும்.

சரி, எப்படி அளக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஒருத்தி பிளேட்டில் வளர்த்துக் காலனி, அதாவது ஒரு செல் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளி, எண்ணலாம் என்றாள். இன்னொருத்தி மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைச் சொன்னாள். மூன்றாமவள் ஏதோ ஆய்வுக் கட்டுரையில் ஒளிரும் சாயம் பற்றிப் படித்திருந்தாள்; சாம்பிளை வெளியூர்ப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி அதைச் செய்து வாங்கிவிடலாம் என்றாள். எங்களிடம் இருந்தது நல்ல மைக்ரோஸ்கோப், நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், வேண்டிய வெப்பத்தில் வைத்து வளர்க்கும் பி.ஓ.டி. இன்குபேட்டர், இரத்த அணுக்கள் எண்ணுகிற நியூபாவர் சேம்பர். பெரும்பாலான கல்லூரி ஆய்வகங்களின் நிலையும் இதுதான் என்பதால், அன்று அவர்களோடு உட்கார்ந்து பேசியதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஈஸ்ட் செல் உயிரோடு இருக்கிறது என்றால் என்ன பொருள்? அதன் சவ்வு கிழியாமல் இருக்கிறது என்று சொல்லலாம். உள்ளே நொதிகள் வேலை செய்கின்றன என்று சொல்லலாம். மொட்டு விட்டுப் பெருகுகிறது என்று சொல்லலாம். இந்த மூன்றும் ஒன்றல்ல. வெப்பத்தாலோ உலர்ந்ததாலோ அடிபட்ட ஒரு செல் சர்க்கரையைக் கொஞ்ச நேரம் நொதிக்கவைக்கும். ஆனால் இனி ஒருபோதும் மொட்டு விடாது. அதை எந்தப் பக்கம் சேர்ப்பது? ஒவ்வொரு முறையும் இதற்கு ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. அதனால் முறையைத் தேர்ந்தெடுக்கும்போதே உயிருக்கு இலக்கணத்தையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே அதை எழுதிவிடுங்கள் என்று அவர்களிடம் சொன்னேன்.

இரண்டு வழிகளை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடலாம். ஒன்று ஓ.டி., அதாவது ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 600 நானோமீட்டர் ஒளியில் கலங்கல் பார்ப்பது. செத்த செல்லும் ஒளியைச் சிதறடிக்கும், உயிருள்ள செல்லும் சிதறடிக்கும். கொதிக்கவைத்த ஈஸ்டுக்கும் நல்ல ஓ.டி. வரும். வளர்ச்சியை அளக்க அது அருமையான கருவிதான். உயிர்ப்பை அளந்தோம் என்று அந்த எண்ணைப் போட்டு வருகிற ஆய்வேடுகளைப் பார்க்கும்போதுதான் மனசு கஷ்டப்படுகிறது. இன்னொன்று, பாட்டில் வாயில் பலூன் மாட்டிக் கரியமில வாயுவைப் பிடிப்பது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செய்முறை கிடையாது. 1 கிராம் குளுக்கோஸ் முழுவதும் நொதித்தால் அறை வெப்பத்தில் 270 மில்லிலிட்டர் அளவுக்கு வாயு வரும், பலூன் கண்முன்னே எழும்பும். ஆனால் பாதி வாயு வந்தால் பாதி செல்கள் செத்துவிட்டன என்றா பொருள், எல்லாச் செல்களும் பாதி வேகத்தில் ஓடுகின்றன என்றா? பலூனுக்கு அது தெரியாது. மாவு எவ்வளவு எழும்பும் என்பது மட்டுமே கேள்வி என்றால் அது போதும். எத்தனை சதவீதம் உயிரோடு இருக்கிறது என்ற கேள்விக்குப் போதாது.

இனி மெத்திலீன் நீலம். இந்தச் சாயத்தை 1876-ல் ஜெர்மனியில் ஹைன்ரிஷ் காரோ என்ற வேதியியலாளர் துணிச் சாயமாகத் தயாரித்தார். உயிருள்ள ஈஸ்ட் செல்லுக்குள் நுழைகிற சாயத்தை அதன் நொதிகள் ஒடுக்கி நிறமற்றதாக்கிவிடும். செத்த செல்லால் அது முடியாது, நீலமாகவே நிற்கும். ஆகவே வெள்ளைச் செல் உயிர், நீலச் செல் சாவு. 0.01 சதவீதக் கரைசல் போதும். 2 சதவீத சோடியம் சிட்ரேட்டில் கரைப்பது வழக்கம். 1 கிராம் சாயத்தில் 10 லிட்டர் தயாராகும். செலவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கணக்கும் எளிது. 1 கிராம் உலர் ஈஸ்டில் ஆயிரம் கோடி என்ற அளவில் செல்கள் இருக்கும். 1 கிராமை 100 மில்லிலிட்டரில் கலந்தால் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்துக் கோடி. பத்து மடங்கு நீர்த்து, பிறகு சம அளவு சாயம் சேர்த்தால் ஐம்பது லட்சம். நியூபாவர் சேம்பரின் நடுச் சதுரத்தில் 25 கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 0.2 மில்லிமீட்டர் பக்கம், 0.1 மில்லிமீட்டர் ஆழம், கொள்ளளவு 0.004 மைக்ரோலிட்டர். ஒரு கட்டத்துக்கு இருபது செல் என்று விழும். இருபது கட்டம் எண்ணினால் நானூறு. கண்ணுக்கும் அலுப்பில்லை. மேல் கோட்டிலும் இடக் கோட்டிலும் தொடும் செல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள், கீழ்க் கோட்டிலும் வலக் கோட்டிலும் தொடுவதை விட்டுவிடுங்கள். எதை வைத்துக்கொண்டாலும் கடைசிவரை மாற்றாதீர்கள்.

ஏன் நானூறு? நூறு எண்ணி இருபது நீலம் என்றால் உயிர்ப்பு 80 சதவீதம் என்று எழுதுவோம். ஆனால் தற்செயல் பிழை மட்டுமே இரு பக்கமும் 8 சதவீதப் புள்ளி வரை போகும். 72-ம் இருக்கலாம், 88-ம் இருக்கலாம். நானூறு எண்ணினால் அது பாதியாகக் குறைந்து 4 ஆகிறது. அலமாரி பாக்கெட் 75, ஃப்ரிட்ஜ் பாக்கெட் 80 என்று நூறு நூறாக எண்ணி வைத்துக்கொண்டு, ஃப்ரிட்ஜே சிறந்தது என்று முடிவுரை எழுதினால் அதில் எந்தப் பலமும் இல்லை.

இந்த முறையின் உண்மையான தொல்லை வெளிர்நீலச் செல்தான். முதல் நாளே ஒரு மாணவி ஐபீஸிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "மேடம், இது லைட்டா நீலமா இருக்கு. இது உயிரா, செத்ததா?" நானும் பார்த்தேன். ஓரம் தெளிவாக, உள்ளே விடியற்கால வானம் மாதிரி ஒரு நீலம். பக்கத்தில் இருந்த செத்த செல் மைத்துளி போல அடர்ந்து, கொஞ்சம் சுருங்கி இருந்தது. வெளிர்நீலத்தை உயிர்ப் பக்கம் சேர்ப்பதா, சாவுப் பக்கம் சேர்ப்பதா என்பதை எண்ணத் தொடங்கும் முன்பே முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும். இன்னும் நல்லது, அதைத் தனி மூன்றாவது வரிசையாக எண்ணுவது. இரண்டு பேர் ஒரே சேம்பரை, எது எந்தப் பாக்கெட் என்று தெரியாமல் எண்ண வேண்டும். ஃப்ரிட்ஜ் பாக்கெட் என்று தெரிந்துவிட்டால் வெளிர்நீலம் தானாக வெள்ளையாகத் தெரியத் தொடங்கும். யாரும் ஏமாற்ற நினைப்பதில்லை, கண் அப்படித்தான் வேலை செய்கிறது.

நேரமும் முக்கியம். சாயம் கலந்து ஓரிரு நிமிடம் விட்டு எண்ணத் தொடங்கி, பத்து நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். சாயமே செல்லுக்கு நஞ்சு. வைத்திருக்க வைத்திருக்க உயிருள்ளவையும் நீலமாகும். ஒரு முறை சேம்பரை நிரப்பி வைத்துவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டோம். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் காலையில் எண்ணியதைவிட நீலம் எவ்வளவோ கூடியிருந்தது. அன்றைய சாம்பிள் முழுவதையும் மறுபடி போட்டோம்.

இதற்கெல்லாம் மேலே ஒரு அடிப்படைக் குறை இருக்கிறது. உயிர்ப்பு 90 சதவீதத்துக்கு மேல் இருக்கும்வரை மெத்திலீன் நீலம் பெரும்பாலும் நம்பகமானது. அதற்குக் கீழே இறங்க இறங்க, உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். பெருகும் திறனை இழந்தாலும் கொஞ்சம் நொதி மிச்சமுள்ள செல் வெள்ளையாகவே தெரிவதுதான் காரணம். மதுவடிப்பவர்கள் இதை நெடுங்காலமாக அறிவார்கள். மெத்திலீன் வயலெட் என்ற இன்னொரு சாயத்தைக் காரக் கரைசலில் பயன்படுத்தும் முறை வந்ததும் இந்தக் குறையைச் சரிசெய்யத்தான். அலமாரியில் மூன்று மாதம் கிடந்த ஈஸ்ட் நிச்சயம் 90-க்குக் கீழே வரும். ஆகவே இந்த மாணவிகளின் கேள்வியில் சுவாரசியமான பாதி, சாயம் தடுமாறுகிற இடத்தில்தான் இருக்கிறது.

அப்படியானால் பிளேட்தான் சரியா? பெருகினால்தான் உயிர் என்று அது கறாராகச் சொல்கிறது. ஒய்.பி.டி. அகார், அதாவது ஈஸ்டுக்கான சத்துகள் கலந்த கூழ், ஊற்றி, பத்துப் பத்து மடங்காக ஐந்து முறை நீர்த்து, கடைசிக் குழாயிலிருந்து 0.1 மில்லிலிட்டர் தடவினால், எல்லாம் உயிரோடு இருந்தால் நூறு காலனி வரும். 30 டிகிரி செல்சியஸில் இரண்டு நாள். முப்பதுக்கும் முந்நூறுக்கும் இடையே இருந்தால் எண்ணலாம். இந்த முறைக்கு இருக்கும் மரியாதை நியாயமானது. காலனி ஒன்று கண்ணுக்கு முன்னால் எழுந்து நிற்கும்போது அதை மறுக்க யாராலும் முடியாது.

ஆனால் மாணவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. பிளேட் தருவது உயிருள்ளவற்றின் எண்ணிக்கை. செத்தவை எத்தனை என்று அதற்குத் தெரியாது. சதவீதம் வேண்டுமென்றால் மொத்தச் செல்களால் வகுக்க வேண்டும், மொத்தத்தை எண்ண மறுபடியும் அதே நியூபாவர் சேம்பருக்குத்தான் போக வேண்டும். ஐந்து முறை நீர்த்ததில் பிப்பெட்டின் பிழை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். நூறு காலனி உள்ள ஒரு பிளேட்டில் தற்செயல் பிழையே இரு பக்கமும் 20 சதவீதம். மூன்று பிளேட் போட்டு முந்நூறு எண்ணினாலும் 12 சதவீதத்துக்குப் பக்கம். 110 சதவீத உயிர்ப்பு என்று விடை வந்து, எங்கே தப்பு என்று தெரியாமல் விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தப்பு எதுவும் இல்லை, இரண்டு பிழையுள்ள எண்களை வகுத்தால் அப்படியும் வரும்.

அப்புறம் கட்டிகள். நான்கு செல் ஒட்டிக்கொண்டு பிளேட்டில் விழுந்தால் ஒரே காலனி. ஈஸ்ட் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளக் கால்சியம் தேவை. அதனால் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைக் கொஞ்சம் சேர்த்துக் கலக்கினால் பிரியும். தாயும் மொட்டும் ஒட்டியிருந்தாலும் ஒரே காலனிதான். ஆகவே பிளேட்டோடு ஒப்பிடச் சேம்பரில் எண்ணும்போது மொட்டைத் தனிச் செல்லாக எண்ணாமல், தாயோடு சேர்த்து ஒன்றாக எண்ண வேண்டும். இந்தச் சின்னச் சேதி பல செய்முறைக் குறிப்புகளில் இருப்பதில்லை.

மூன்று மாணவிகளும் சொல்லாத நான்காவது வழி ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்: கண்ணாடித் தகட்டின் மேலேயே வளர்ப்பது. மதுவடி ஆலைகளில் பழைய முறை. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-ல் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை உண்டாக்கினார்; ஒற்றைச் செல் பெருகுகிறதா என்று பார்ப்பதுதான் இந்த முறைக்கும் உயிர்நாடி.

செய்வது இப்படி. சுத்தமான ஸ்லைடில் மெல்லிய ஒய்.பி.டி. அகார் படலம் ஒன்றைப் பரப்ப வேண்டும். படலம் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால்தான் ஊடே பார்க்க முடியும். மில்லிலிட்டருக்கு இருபது லட்சம் செல் அளவுக்கு நீர்த்த ஈஸ்டில் 5 மைக்ரோலிட்டரை அதன்மேல் விட்டு, கவர் ஸ்லிப் போட்டு, ஈரப் பஞ்சு வைத்த பெட்ரி டிஷ்ஷுக்குள் மூடி, 25 டிகிரியில் பி.ஓ.டி. இன்குபேட்டரில் வைக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு வைத்தால் மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பதினாறு மணி நேரம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் உயிருள்ள செல் இருந்த இடத்தில் ஒரு கொத்து, குருவிக்கூட்டம் மாதிரி. செத்தது நேற்று விழுந்த இடத்தில் அப்படியே ஒற்றையாக இருக்கும். கொத்துகளையும் ஒற்றைகளையும் எண்ணி வகுத்தால் சதவீதம் நேராகக் கிடைத்துவிடும். நீர்ப்பதில் வரும் பிழை விடையில் நுழையவே முடியாது, ஏனென்றால் உயிருள்ளதும் செத்ததும் ஒரே துளியில், ஒரே பார்வைப்புலத்தில் இருக்கின்றன. வெளிர்நீலச் சண்டையும் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. செல் அடர்த்தி கூடினால் கொத்துகள் ஒன்றோடொன்று கலந்து ஒற்றைகளை மூடிவிடும்; அதனால் முதல் தடவை மூன்று அடர்த்தியில் போட்டுப் பாருங்கள். மின்வெட்டு வந்து இன்குபேட்டர் நின்றால், நம் ஊர் வெயிலில் பதினாறு மணி நேரத்துக்குள் எல்லாம் ஒரே காடாகிவிடும். அடிபட்ட செல் மெதுவாக விழிக்கும், பதினாறு மணி நேரத்தில் இரண்டே மொட்டு விட்டிருக்கும். அதை உயிர் என்று சேர்ப்பதா என்பதற்கும் விதி முன்கூட்டியே வேண்டும். நானூறு செல்லை எட்ட எண்பது பார்வைப்புலம் வரை நகர்த்த வேண்டியிருக்கும். கழுத்து வலிக்கும். ஆனாலும் மூன்று மாத புராஜெக்டுக்கு இதைவிட நேர்மையான எண்ணைத் தரும் மலிவான முறை எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஒளிரும் சாயத்தைப் பற்றிச் சுருக்கமாக. புரோப்பிடியம் அயோடைடு என்ற ஒளிரும் சாயம் கிழிந்த சவ்வு வழியே நுழைந்து டி.என்.ஏ.-வோடு சேர்ந்து சிவப்பாக ஒளிரும். செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளி முன் ஓடவிட்டு எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் பத்தாயிரம் செல்லை ஒரு நிமிடத்துக்குள் எண்ணிவிடலாம். அந்த வசதி உங்கள் வளாகத்திலேயே இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அது அளப்பது சவ்வை மட்டுமே. அடிபட்ட ஈஸ்ட் செல்லின் சவ்வு தற்காலிகமாக ஓட்டை விழுந்து, சாயத்தை உள்ளே விட்டு, பிறகு மூடிக்கொண்டு பெருகவும் செய்யும் என்று காட்டிய ஆய்வுகள் உள்ளன. சாம்பிளைப் பஸ்ஸில் அனுப்பி, மூன்று நாள் கழித்து யாரோ அளந்து தருவதில் பயணத்தில் செத்தவையும் சேர்ந்துவிடும். தவிர, டி.என்.ஏ.-வோடு சேர்கிற பொருள் என்பதால் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. விலை உயர்ந்த முறை என்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று மூன்றாமவளிடம் சொன்னபோது அவள் முகம் வாடியது. பிறகு ஸ்லைடு வளர்ப்பை அவள்தான் எல்லாரையும்விட நன்றாகச் செய்தாள்.

எந்த முறையானாலும் ஈஸ்டைத் தண்ணீரில் ஊறவைக்கும் படி ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் கெடுக்கக்கூடிய படி அது. உலர்ந்த செல்லின் சவ்வு தண்ணீர் பட்டு மறுபடி உருவாகும் சில நிமிடங்களில் குளிர்ந்த நீர் பட்டால், உள்ளே இருப்பது வெளியே கசிந்து செல் செத்துப்போகும். 35 முதல் 40 டிகிரி வரை வெதுவெதுப்பான நீர் வேண்டும். முந்தைய வருடம் ஒரு குழு புத்தம் புதுப் பாக்கெட்டில் பாதிக்கு மேல் செத்திருக்கிறது என்று எண்ணி, கடைக்காரர் மேல் கோபப்பட்டார்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த காய்ச்சி வடித்த நீரில் நேராகக் கொட்டியிருந்தார்கள் என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அதே பாக்கெட்டை 38 டிகிரி நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து எண்ணினோம். மிகச் சில செல்களே நீலமாக இருந்தன. பன்னிரண்டு வாரமும் ஒரே வெப்பம், ஒரே நேரம், ஒரே கலக்கல். தெர்மாமீட்டர் இல்லாமல் கைவிரல் வைத்துப் பார்ப்பது வேண்டாம்.

இன்னொன்று, முறையையே பரீட்சித்துப் பார்ப்பது. இரவு வளர்த்த புது ஈஸ்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கொதிநீரில் பத்து நிமிடம் வைத்துக் கொன்றுவிட்டு, இரண்டையும் 100, 75, 50, 25, 0 என்ற விகிதங்களில் கலந்தால் விடை தெரிந்த சாம்பிள் கையில் இருக்கும். சாயமும் ஸ்லைடும் பிளேட்டும் அதில் என்ன சொல்கின்றன என்று முதல் வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும். ஆனால் கொதிநீரில் செத்தது முழுச் சாவு. சாயம் அதைச் சரியாகவே பிடித்துவிடும். அலமாரியில் மெல்ல மெல்லச் செத்தது அப்படி இல்லை. கலவையில் சாயம் தேறிவிட்டது என்பதற்காகப் பழைய பாக்கெட்டிலும் தேறும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கடைசியில் மூவரும் எடுத்த முடிவு இது. வாரா வாரம் இரண்டு பாக்கெட்டுக்கும் மெத்திலீன் நீலம், இருவர் தனித்தனியாக எண்ணுவது. 0, 4, 8, 12-ம் வாரங்களில் அதே சாம்பிளுக்கு ஸ்லைடு வளர்ப்பும் மூன்று பிளேட்டும். ஒரு பேக்கரிக்காரருக்கு நாலு நாளில் பதில் சொல்ல வேண்டியிருந்தால் நான் சாயத்தோடு நிறுத்தியிருப்பேன். மதுவடி ஆலையில் ஒரே ஈஸ்டைத் திரும்பத் திரும்பப் போடுபவருக்கு ஸ்லைடு வளர்ப்பைச் சொல்லியிருப்பேன். இவர்களுக்கு இரண்டும் வேண்டும். எட்டாம் வாரத்தில் சாயம் ஒரு எண்ணும் ஸ்லைடு அதைவிடக் குறைந்த எண்ணும் காட்டினால், அந்த இடைவெளியில் இருப்பவை மூச்சு விட்டுக்கொண்டு, பெருக முடியாமல் நிற்கும் செல்கள். அலமாரி பாக்கெட்டில் அந்த இடைவெளி எந்த வாரம் விரியத் தொடங்குகிறது, ஃப்ரிட்ஜில் எந்த வாரம் என்பதைத்தான் ஆய்வேட்டின் முதல் வரைபடமாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.